பார்த்ததற்குக் கூலி

நாலாயிரம் ரூபாயை எண்ணிக் கொடுத்தபோது அது எதற்கான பணம் என்பது எனக்கும் விளங்கவில்லை, வாங்கிக்கொண்ட மோட்டார் மெக்கானிக்குக்கும் விளங்கவில்லை. பழுதே இல்லாத ஒரு மோட்டாரை 240 அடி ஆழத்திலிருந்து மேலே தூக்கி, இரண்டு நாள் கழித்து அதே மோட்டாரை அதே ஆழத்துக்குத் திரும்ப இறக்கியிருந்தார் அவர். வீட்டுக் கணக்கு நோட்டில் அன்றைய பக்கத்தில் என் மனைவியின் கையெழுத்தில் "போர் மோட்டார் 4000" என்று மட்டும் இருக்கிறது. மற்ற வரிகளிலெல்லாம் என்ன வேலை, என்ன சாமான் என்று எழுதிவைக்கிறவள் அந்த ஒரு வரியில் எதையும் எழுதவில்லை.

எங்கள் வீடு மதுரைக்கு வடகிழக்கே, ஒத்தக்கடையைத் தாண்டி, மொட்டைமாடியில் நின்றால் யானைமலை தெரிகிற இடத்தில் இருக்கிறது. மேலே கொஞ்சம் மண், அதற்குக் கீழே பாறை. போர் போட்டபோது மண் சரியாமல் தாங்கும் கேசிங் குழாயை 40 அடி வரைதான் இறக்க வேண்டியிருந்தது. அதற்குக் கீழே 300 அடி வரை பாறையேதான் கிணற்றின் சுவர். அதில் 240 அடியில், இருபது அடி நீளமுள்ள இரும்புக் குழாய்கள் பன்னிரண்டைத் திருகிச் சேர்த்து, அவற்றின் நுனியில் ஒன்றரை ஹெச்.பி. நீர்மூழ்கி மோட்டார் தொங்குகிறது. ஒரு முனை (சிங்கிள் ஃபேஸ்) மின்சாரத்தில் ஓடுவது. ஒன்பது ஆண்டுகளில் அதைப் பற்றி நினைத்துப் பார்க்க வேண்டிய அவசியம் வந்ததில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, மே மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில் பேனல் பெட்டியின் பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஆம்பியர் முள் பத்துக்குப் பக்கத்தில் நிற்காமல் கடைசிக் கோடு வரை ஓடியது. பெட்டிக்குள் ஓர் உறுமல் கேட்டது, தண்ணீர் வரவில்லை, அளவுக்கு மீறி மின்சாரம் போனால் மோட்டாரை நிறுத்திவிடும் ஓவர்லோடு சில விநாடிகளில் விழுந்துவிட்டது. தொட்டியில் இருந்த தண்ணீர் அன்று மதியம் வரை தாங்கும் என்பதால் எட்டு மணிக்கெல்லாம் மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டேன். அந்த வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளாக மோட்டார் இறக்கி ஏற்றுகிறவர். எங்கள் தெருவில் பாதி வீடுகளின் மோட்டார் எத்தனை அடியில் தொங்குகிறது என்பதைக் கேட்டவுடன் சொல்லக்கூடியவர். அவரை நம்பியதில் எந்தத் தவறும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் வந்து பொத்தானை இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். முள் ஓடுவதைக் கவனித்தார். போர்க் குழாயின் தலையில் கையை வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்த்தார். பெட்டியைத் திறந்து மோந்து பார்த்தார். எத்தனை வருடமாக ஓடுகிறது என்று கேட்டார். ஒன்பது என்றதும், "அப்ப காயில் போச்சு சார், தூக்கிற வேண்டியதுதான்" என்றார். காயிலை, அதாவது மோட்டாருக்குள் இருக்கிற கம்பிச் சுருளை, புதிதாகக் கட்டும் செலவு ஆறாயிரம் ஏழாயிரம் ஆகலாம் என்றும், தூக்கி இறக்குவதற்குத் தனியாக ஆறாயிரம் என்றும் சொன்னார். எல்லாமாகச் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அந்தப் பத்து நிமிடத்துக்கு அவர் எதுவும் கேட்கவில்லை, நானும் கொடுக்க நினைக்கவில்லை. இந்த இடத்தைத்தான் பிற்பாடு நான் பலமுறை திரும்பிப் பார்த்தேன்.

தூக்கும் வேலையைப் பார்த்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட பாடு என்று தெரியும். முக்காலி நட்டு, செயின் பிளாக் மாட்டி, ஒவ்வொரு இருபது அடிக்கும் ஒரு முறை கிளாம்ப் போட்டுப் பிடித்து, குழாய் ரெஞ்சால் திருகிக் கழற்றி, தண்ணீர் வடிகிற குழாயை இருவர் தோளில் வாங்கி ஓரமாகக் கிடத்த வேண்டும். பிடி நழுவினால் மோட்டாரும் குழாயும் கேபிளும் போருக்குள் போய்விடும். அதற்குப் பிறகு மோட்டாரை மட்டுமல்லாமல் போரையே மறந்துவிட வேண்டியதுதான். மெக்கானிக்கும் மூன்று பையன்களுமாக அந்த மே மாத வெயிலில் பன்னிரண்டு குழாய்களையும் எடுத்து முடிக்கும்போது மணி இரண்டாகிவிட்டது.

மோட்டாரை ஆட்டோவில் ஏற்றிக் காயில் கட்டும் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் அறுபது வயதைத் தாண்டியவர். மோட்டாரைப் பிரிக்காமல், அதிலிருந்து வந்த மூன்று ஒயர்களின் முனைகளைச் சுரண்டி, மீட்டரை வைத்து இரண்டிரண்டாக அளந்தார். பிறகு மின்கசிவைக் காட்டும் மெக்கரை மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினார். பிறகு மோட்டாரைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்த்தித் தன் கடையின் பேனலில் இணைத்துப் பொத்தானை அழுத்தினார். இந்த வகை நீர்மூழ்கி மோட்டாரின் பேரிங்குகளுக்குத் தண்ணீர்தான் மசகு என்பதால் அதை வெறுமனே தரையில் வைத்து ஓட்டக் கூடாது. தொட்டித் தண்ணீர் சுழன்றுகொண்டு கிளம்பியது. ஒன்பது ஆண்டு ஓடிய என் மோட்டார் புதுசு போல ஓடிக்கொண்டிருந்தது. "காயில்ல ஒண்ணும் இல்லையே தம்பி. உங்க பெட்டியக் கொண்டாந்தீங்களா?" என்று கேட்டார்.

மறுநாள் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனேன். அதில் ஸ்டார்ட் கண்டன்சர் என்று கறுப்பு நிறத்தில் உருளையாக ஒன்று இருக்கும். அதன் உடம்பில் 100–120 மைக்ரோ ஃபேரட் என்று அச்சிட்டிருந்தது. உப்பவில்லை, கருகவில்லை, ஒழுகவில்லை; வெளியிலிருந்து பார்த்தால் எந்தக் குறையும் சொல்ல முடியாது. மீட்டரில் வைத்தபோது கிட்டத்தட்ட ஒன்றுமே காட்டவில்லை. விலை இருநூற்று ஐம்பது ரூபாய்.

ஒரு முனை மின்சாரத்தில் ஓடும் மோட்டார் தானாகச் சுற்றத் தொடங்காது. அதற்குள் இரண்டு காயில்கள் இருக்கின்றன. இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி மின்சாரம் பாய்ந்தால் எந்தப் பக்கம் சுற்றுவது என்று தெரியாமல் ரோட்டர் நின்ற இடத்திலேயே உறுமும். இரண்டாவது காயிலின் மின்னோட்டத்தைக் கொஞ்சம் முன்தள்ளி, முதல் உந்துதலைக் கொடுப்பதுதான் கண்டன்சரின் வேலை. அது செத்துவிட்டால் மோட்டார் கிளம்பாது, கிளம்பாத மோட்டார் அளவுக்கு மீறி ஆம்பியரை இழுக்கும், ஓவர்லோடு விழும். பம்புக்குள் மணல் புகுந்து இறுகிப்போனாலும் இதே அறிகுறிதான். மின்னழுத்தம் மிகவும் குறைந்தாலும் இதேதான். காயில் கருகினாலும் பல சமயம் இதேதான். ஆகவே என் மெக்கானிக் பார்த்த அறிகுறி உண்மை. அதிலிருந்து நாலு வழிகள் பிரிவதுதான் சிக்கல். அவர் நேராக மிகப் பெரிய வழியில் இறங்கிவிட்டார்.

கடைக்காரர் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னை உறுத்தியது. காயிலைச் சோதிக்க மோட்டாரைத் தூக்கவே வேண்டியதில்லையாம். மோட்டாரின் மூன்று ஒயர்களும் கேபிள் வழியாகப் பெட்டிக்குத்தானே வருகின்றன. அங்கேயே கழற்றி, பொது முனைக்கும் மற்ற இரண்டு முனைகளுக்கும் இடையே தனித்தனியாக அளந்து, பிறகு அந்த இரண்டு முனைகளுக்கும் இடையே அளந்தால், கடைசி அளவு முதல் இரண்டின் கூட்டுத்தொகைக்கு அருகில் வர வேண்டும். வந்தால் காயில் அறுபடவில்லை என்று பொருள். மெக்கரின் ஒரு முனையை ஒயரிலும் மறுமுனையை இரும்புக் குழாயிலும் வைத்தால், காயிலிலிருந்து மின்சாரம் கசிகிறதா என்பதும் தெரிந்துவிடும். கால் மணி நேர வேலை. சோதித்ததற்காக அவர் என்னிடம் முந்நூறு ரூபாய் வாங்கினார், நான் மனநிறைவோடு கொடுத்தேன். என் முந்நூறு ரூபாய்க்கு அவர் எந்தப் பழுதையும் சரிசெய்யவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மோட்டாரை இறக்குகிற நாளில் மெக்கானிக் என் முகத்தைப் பார்க்கவில்லை. இறக்கி, புதுக் கண்டன்சர் போட்டு, தண்ணீர் வந்த பிறகு, சுவரோரமாக வந்து நின்றுகொண்டு, பேசிய ஆறாயிரத்தில் நாலாயிரம் மட்டும் கொடுங்கள், பையன்கள் கூலியும் செயின் பிளாக் வாடகையும் போகத் தனக்கு ஒன்றும் வேண்டாம் என்றார். வந்திருந்த என் மச்சினன் என்னைத் தனியாக அழைத்துப்போய், இல்லாத பழுதுக்கு யாராவது காசு கொடுப்பார்களா, நியாயமாகப் பார்த்தால் இரண்டு நாள் தண்ணீர் லாரிக்குக் கொடுத்த காசை நாம்தான் அவரிடம் கேட்க வேண்டும் என்றான். என் மனைவியோ, அந்தப் பையன்கள் கண்டன்சரைப் பார்த்துவிட்டா தூக்கினார்கள், அவர்களைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினார்கள் என்றாள். இரண்டும் சரியாகவே பட்டன. மச்சினன் பேசியது மெக்கானிக்கைப் பற்றி, மனைவி பேசியது பையன்களைப் பற்றி. பணமோ ஒரே கையில்தான் போய்ச் சேர வேண்டியிருந்தது. கொடுத்தேன், ஆனால் மனம் ஒப்பிக் கொடுக்கவில்லை.

கோபம் ஆறாத அன்றிரவு சட்டத்தைத் தேடிப் படித்தேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, காசு கொடுத்துப் பெறும் சேவையில் குறைபாடு இருந்தால் மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம்கூடக் கிடையாது. ஆனால் தவறாகக் கணித்ததே குறைபாடு ஆகிவிடுமா என்பதுதான் கேள்வி. மருத்துவர்களைப் பற்றிய வழக்குகளில் இந்தக் கேள்வி நன்றாகவே அலசப்பட்டிருக்கிறது. கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 2005-இல், ஜேக்கப் மேத்யூ வழக்கில் அதே நீதிமன்றம், கணிப்பு பிசகியது என்பதாலேயே அது கவனக்குறைவு ஆகிவிடாது, அந்தத் தொழிலில் சாதாரணத் திறமை உள்ள ஒருவர் காட்டக்கூடிய கவனத்தை இவர் காட்டினாரா என்றுதான் பார்க்க வேண்டும் என்று விளக்கியது.

அந்த அளவுகோலை என் போர்க்குழாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். 'காயில் போயிருக்கும்' என்று நினைத்ததற்காக என் மெக்கானிக்கைக் குறை சொல்ல முடியாது. ஒன்பது வருட மோட்டார் என்றால் அந்தச் சந்தேகம் யாருக்கும் வரும். ஆனால் 240 அடி குழாயைக் கழற்றுவதற்கு முன்னால் பெட்டிக்குள் இருக்கிற இருநூற்று ஐம்பது ரூபாய்ச் சாமானைப் பார்க்காமல் விட்டது அந்தத் தொழிலின் சாதாரணக் கவனத்துக்கும் குறைவானதுதான். காயில் கடைக்காரரும் முதலில் பெட்டியைத்தான் பார்ப்போம் என்று சொன்னார். ஆக, நாலாயிரத்தையும் கொடுக்காமல் விட்டிருக்கலாம் என்று என் மச்சினன் பக்கம் தீர்ப்பு எழுதி முடித்திருப்பேன்.

ஆனால் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 70-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் முறையாகச் செய்த ஒன்றினால் நீங்கள் பலன் அடைந்திருந்தால் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது அது. நான் பலன் அடைந்தேனா? தூக்கியபோது மேலிருந்து மூன்றாவது குழாயின் மரை துருவேறித் தேய்ந்துபோயிருந்தது. கேபிள் ஜாயின்டில் சுற்றியிருந்த டேப் பிரிந்து தொங்கியது. இரண்டையும் மாற்றித்தான் இறக்கினார். அந்த மரை இன்னும் ஓரிரு ஆண்டில் விட்டுப்போய் எல்லாமே போருக்குள் விழுந்திருக்கலாம். விழாமலும் இருந்திருக்கலாம். அந்த மரையை அவர் எனக்குக் காட்டியது காயில் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேர்மையாக இருக்கும்.

மாதம் இரண்டு கழித்து, ஒரு மாலையில் டீக்கடையில் அவரைப் பார்த்தேன். அதற்குள் கோபம் வடிந்து கேள்வி மட்டும் மிஞ்சியிருந்தது. ஒரு புதுக் கண்டன்சரை மாட்டிப் பார்த்திருக்கலாமே என்று கேட்டேன். அவர் தட்டிக்கழிக்கவில்லை. "மாத்திப் பாத்து ஓடலன்னா, அந்தக் கண்டன்சருக்குக் காசு யாரு சார் தருவாக?" என்றார்.

அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். மாட்டிப் பார்த்துக் கழற்றிய கண்டன்சரைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள். கண்டன்சர் காரணமில்லை என்று தெரிந்த பிறகு வீட்டுக்காரரிடம் அதற்குக் காசு கேட்டால், அதுதான் பழுது இல்லையே என்பார். மீட்டரை வைத்து அரை மணி நேரம் அளந்து, இன்ன பழுது என்று சொல்லிவிட்டு நூறு ரூபாய் கேட்டால், ஒன்றும் செய்யாமலே காசா என்று சிரிப்பார்கள். சிலர் பழுதைத் தெரிந்துகொண்டு வேறொருவரைக் குறைந்த கூலிக்குக் கூப்பிடுவார்கள். தூக்கிவிட்டாலோ யாரும் எதுவும் கேட்பதில்லை. நாலு பேர் வெயிலில் நின்றது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. பார்க்கிற வேலைக்குக் காசு கிடையாது, தூக்குகிற வேலைக்குக் காசு உண்டு. அப்படியிருக்கும்போது அவர் கணிப்பு எந்தப் பக்கம் சாயும்?

அவர் என்னை ஏமாற்றினார் என்று நான் இப்போதும் நினைக்கவில்லை. ஏமாற்ற வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. சின்னச் சந்தேகத்தைச் சோதித்து அது பொய்யானால் நட்டம் அவருக்கு. பெரிய சந்தேகத்தைச் சோதித்து அது பொய்யானால் நட்டம் எனக்கு. முப்பது ஆண்டுகள் இந்த ஏற்பாட்டுக்குள் பிழைத்த ஒருவருக்கு, முள் ஓடியதும் காயில்தான் மனத்தில் வரும். அதை அவர் அனுபவம் என்றுதான் நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் தொழிலின் இந்தக் கோணலில் என் போன்ற வீட்டுக்காரர்களின் பங்கு பெரிது. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போய் ஐந்நூறு ரூபாய் கொடுத்து, கொடுத்த மாத்திரை கேட்காமல் மறுபடி போய் மறுபடி ஐந்நூறு கொடுக்கிறோமே, முதல் ஐந்நூறைத் திருப்பிக் கேட்கிறோமா? அவரிடம் வாங்குவது கணிப்பு என்று நமக்குத் தெரியும். மெக்கானிக்கிடமும் வாங்குவது கணிப்புதான், ஆனால் அவர் கையில் எண்ணெய்க் கறை இருப்பதால் உழைப்பை மட்டும் வாங்குவதாக நினைத்துக்கொள்கிறோம்.

ஏ.சி., வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் நிறுவனங்கள் சில வந்து பார்ப்பதற்கென்று ஒரு கட்டணம் வைத்திருக்கின்றன. நல்லதுதான் என்று பார்த்தால், பழுதுபார்க்கச் சம்மதித்தால் அந்தக் கட்டணத்தைக் கழித்துக்கொள்வோம் என்று ஒரு வரி இருக்கும். பார்த்த வேலையை மறுபடி இலவசமாக்கி, ஏதாவது ஒரு பழுதைக் கண்டுபிடித்தே தீர வேண்டிய நிலைக்கு ஆளை அனுப்புகிற வரி அது.

அடுத்த ஆண்டு மார்ச் கடைசியில் மோட்டார் மறுபடி விழத் தொடங்கியது. காலையில் ஒழுங்காக ஓடும், இரவு ஏழு மணிக்குப் போட்டால் உறுமி விழும். அவரையே கூப்பிட்டேன். வருவதற்கு முன்பே தொலைபேசியில், தூக்குவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம், வந்து நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள், பழுது இருந்தாலும் இல்லாவிட்டாலும் பார்ப்பதற்கு முந்நூறு ரூபாய் தருகிறேன் என்று சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நான் பழையதைக் குத்திக்காட்டுகிறேன் என்று நினைத்திருக்கலாம். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம்.

காலையில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையுமாக வந்தார். கையில் ஒரு பழைய மீட்டர் இருந்தது, யாரிடம் வாங்கிவந்தார் என்று நான் கேட்கவில்லை. காலையில் 228 வோல்ட், இரவு ஏழு மணிக்கு 172. கண்டன்சரை அளந்தார், சரியாக இருந்தது. மூன்று ஒயர்களையும் அளந்தார், கணக்கு ஒத்துவந்தது. தெருவில் எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடுகிற நேரத்தில் மின்னழுத்தம் இறங்குகிறது, மின்வாரியத்தில் எழுதிக் கொடுங்கள், அதுவரை ராத்திரியில் மோட்டார் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினார். ஒரு ஸ்க்ரூவைக்கூட மாற்றவில்லை. முந்நூறைக் கொடுத்தபோது, "வேல ஒண்ணும் செய்யலையே சார்" என்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். வற்புறுத்திச் சட்டைப் பையில் வைக்க வேண்டியிருந்தது.

இத்தனையும் யோசித்து வைத்திருந்த எனக்கே, அவர் வண்டி தெருமுனை திரும்பியதும், முந்நூறு கொஞ்சம் அதிகமோ என்று ஒரு கணம் தோன்றியது. உள்ளே வந்தபோது மனைவி கணக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முந்நூறு எதற்கு என்று கேட்டாள். பார்த்ததற்கு என்றேன். எதைப் பார்த்ததற்கு என்றாள். மோட்டாரை என்றேன். மோட்டாரில் ஒன்றும் இல்லை என்றுதானே சொல்லிவிட்டுப் போனார் என்று கேட்டுவிட்டு, பேனாவை மூடாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.